பாயும் கயிறும்: பழைய படகுக்குப் புதிய வின்ச்

ஒன்ராறியோ ஏரியில் படகுகள் மீண்டும் நீரில் இறங்கச் சில வாரங்களே இருக்கின்றன. தார்ப்பாயை விலக்கி, குளிர்காலம் முழுவதும் தொடாத பொருள்களைத் தொட்டுப் பார்க்கும் காலம் இது என்பதாலோ என்னவோ, இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேற்பட்டவை வின்ச், அதாவது பாயின் கயிற்றைச் சுற்றி இழுக்கும் கருவி, பற்றியவை. அவற்றுள் ஐந்தைத் தேர்ந்தெடுத்துள்ளேன். முதற்கடிதம் மற்றவற்றுக்கும் அடித்தளமாக இருப்பதால் அதற்கான பதில் நீண்டுவிட்டது.

கேள்வி: நான் ஸ்காபரோவில் வசிக்கிறேன். 1976-இல் கட்டப்பட்ட சி அண்ட் சி 27 வகைப் பாய்ப்படகு ஒன்றை மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். காக்பிட்டின் (படகோட்டுபவர் அமரும் பள்ளத்தின்) இருபுறமும் உள்ள வின்ச்கள் படகோடு வந்தவை. ஒரே வேகம் கொண்டவை. கயிற்றின் வாலை, அதாவது வின்ச்சைச் சுற்றி வெளியே வரும் முனையை, கையால்தான் பிடிக்க வேண்டும். படகில் நானும் மனைவியும் மட்டுமே செல்கிறோம். ஜெனோவா என்னும் பெரிய முன்பாய் ஏறத்தாழ 25 சதுர மீட்டர். காற்று 15 நொட்டை (மணிக்கு 15 கடல் மைல்) தாண்டினால் கடைசி அரை மீட்டர்த் தாமானை இழுக்க மனைவியால் முடியவில்லை. (என் தந்தை வல்வெட்டித்துறைக்காரர். பாயின் கீழ்மூலையை இழுக்கும் கயிற்றைத் தாமான் என்றும், பாயை ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும் அவர் சொல்லியே பழகிவிட்டேன்.) படகுத்துறையில் ஒருவர் 40 எண் வின்ச் வாங்கச் சொல்கிறார், இன்னொருவர் பழையதே போதும் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் ஓர் அளவுநாடாவை எடுங்கள். உங்கள் தந்தையின் சொற்களையே நானும் இங்கே பயன்படுத்துகிறேன்; அவை அழகானவை என்பதோடு, ஆங்கிலச் சொற்களைவிடக் குழப்பமும் குறைவு.

வின்ச்சின் வலிமை இரண்டு இடங்களிலிருந்து வருகிறது. ஒன்று, கைப்பிடியின் நீளத்துக்கும் கயிறு சுற்றும் ட்ரம்மின் ஆரத்துக்கும் உள்ள விகிதம். மற்றொன்று, உள்ளேயிருக்கும் பற்சக்கரங்களின் விகிதம். உங்களுடையவை போன்ற ஒற்றை வேகப் பழைய வின்ச்கள் பெரும்பாலும் நேரடியாகச் சுழல்பவை, அதாவது கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்றினால் ட்ரம்மும் ஒரு சுற்றுச் சுற்றும். அவற்றில் பற்சக்கரங்களால் கிடைக்கும் ஆதாயம் எதுவும் இல்லை. ட்ரம்மின் விட்டம் 65 மில்லிமீட்டர், கைப்பிடி 8 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். 203 மில்லிமீட்டரை ஆரமாகிய 32.5-ஆல் வகுத்தால் 6.25 வருகிறது. நீங்கள் ஒரு கிலோ விசையுடன் தள்ளினால் தாமானில் ஆறேகால் கிலோ இழுவை கிடைக்கும் என்பது இதன் பொருள்.

அடுத்து, தாமானில் விழும் பாரம். பாயின் சதுர மீட்டர் பரப்பைக் காற்றின் நொட் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, அதை 0.021-ஆல் பெருக்கினால் பாரம் கிலோவில் கிடைக்கும். படகுச் சாமான் தயாரிப்பாளர்கள் பயன்படுத்தும் தோராயக் கணக்கு இது. இங்கே காற்று என்பது படகில் இருப்பவர் முகத்தில் உணரும் காற்று. கரையில் வானிலை அறிவிப்பில் சொல்லப்படும் வேகம் அல்ல. உங்கள் ஜெனோவாவில் 15 நொட் காற்றில் ஏறத்தாழ 118 கிலோவும், 20 நொட்டில் 210 கிலோவும் வரும். வேகம் மூன்றில் ஒரு பங்கு கூடும்போது பாரம் ஏறத்தாழ எண்பது விழுக்காடு கூடுவதற்குக் காரணம் அந்த வர்க்கம்தான். உராய்வில் மூன்றில் ஒரு பங்கு வீணாகிறது என்று கொண்டால், 15 நொட்டில் கைப்பிடியில் உங்கள் மனைவி தள்ள வேண்டியது 28 கிலோ. 20 நொட்டில் 50 கிலோ. சாய்ந்த படகில், வளைந்து உட்கார்ந்தபடி, ஒரு கையால் தாமானின் வாலைப் பிடித்துக்கொண்டு மறு கையால் 28 கிலோவைத் தள்ளுவது யாருக்கும் எளிதன்று. ஆகவே அவருடைய வலிமையில் எந்தக் குறையும் இல்லை.

மிகக் குறைந்த செலவில் செய்யக்கூடிய மேம்பாடு கைப்பிடிதான். உங்களிடம் இருப்பது 8 அங்குலக் கைப்பிடி என்றால், 10 அங்குலக் கைப்பிடி ஒன்றை இரவல் வாங்கிப் பாருங்கள். விகிதம் 7.8-ஆக உயரும், 28 கிலோ 23-ஆகக் குறையும். பல படகுகளில் இதுவே பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். கைப்பிடி முழுச் சுற்றுச் சுற்றும்போது ஓரக் கம்பியிலோ முன்மறைப்பிலோ விரல்கள் மோதவில்லை என்பதை மட்டும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

அதன் பிறகும் புதிய வின்ச் வேண்டும் என்று தோன்றினால், என் தேர்வு 30 எண் கொண்ட, இரு வேக, கயிற்றைத் தானே பிடித்துக்கொள்ளும் செல்ஃப் டெய்லிங் வகை. இன்றைய தயாரிப்பாளர்கள் வின்ச்சுக்கு இடும் எண், 10 அங்குலக் கைப்பிடியுடன் மெதுவான கியரில் கிடைக்கும் வலிமை விகிதத்தையே ஏறத்தாழக் குறிக்கிறது. பழைய நிறுவனங்கள் எல்லாம் இந்த முறையைப் பின்பற்றவில்லை என்பதால், பழைய வின்ச்சின் எண்ணையும் புதியதன் எண்ணையும் ஒப்பிட்டு முடிவெடுக்க வேண்டாம். 30 எண் வின்ச்சில், 20 நொட் காற்றில்கூடக் கைப்பிடியில் 10 அல்லது 11 கிலோ தள்ளினால் போதும். 40 எண் வாங்கினால் அது 8 கிலோவாகும். இந்த இரண்டரைக் கிலோ வேறுபாட்டுக்காகக் கூடுதல் பணமும், கூடுதல் எடையும், உங்கள் கோமிங்கின் (காக்பிட்டைச் சுற்றியுள்ள விளிம்புச் சுவரின்) மேற்பரப்பில் இல்லாத இடமும் கொடுக்க வேண்டுமா? இன்னொன்றும் உண்டு. வின்ச் மிகவும் எளிதாகச் சுழன்றால் பாரம் கைக்குத் தெரியாமல் போய்விடுகிறது. பாயின் ஓரம் எங்காவது சிக்கியிருந்தாலும் தெரியாமல் சுற்றிக்கொண்டே இருப்போம். பாய் கிழியும், அல்லது படகின் தளத்தில் ஐம்பது ஆண்டுப் பழைய தண்டவாளத்தில் உள்ள தாமான் கப்பி பிடுங்கிக்கொண்டு வரும்.

வலிமை கூடினால் வேகம் குறையும் என்பதையும் மறக்கக் கூடாது. உங்கள் பழைய வின்ச்சில் ஒரு சுற்றுக்கு 20 சென்டிமீட்டர்த் தாமான் வரும். 30 எண் வின்ச்சின் மெதுவான கியரில் 5 சென்டிமீட்டர் அளவே வரும். அரை மீட்டரை இழுக்கப் பத்துச் சுற்று. அதனால்தான் இரு வேகம் தேவை. ஒரு திசையில் சுற்றும்போது விரைவான கியர். பாரம் ஏறியதும் கைப்பிடியை எதிர்த்திசையில் திருப்பினால் மெதுவான கியர். ட்ரம் மட்டும் இரண்டிலும் ஒரே திசையில், கடிகாரச் சுற்றாகவே சுழலும்.

ஆயினும் இருவர் மட்டும் செல்லும் படகில், கூடுதல் வலிமையைவிடக் கயிற்றைத் தானே பிடிக்கும் வசதிதான் வாழ்க்கையை மாற்றும் என்பது என் துணிபு. ட்ரம்மின் உச்சியில் உள்ள இரு வட்டத் தாடைகள் தாமானின் வாலைக் கவ்விக்கொள்வதால், சுற்றுபவர் இரு கைகளாலும் கைப்பிடியைத் தள்ளலாம். ஒரு கையால் 20 கிலோ என்பது போராட்டம். இரு கைகளால், தோளையும் முதுகையும் சேர்த்துத் தள்ளும்போது, அதே பாரம் வெறும் வேலை. 1938-இல் அன்னபூரணி என்னும் கப்பலை வல்வெட்டித்துறை மாலுமிகள் அமெரிக்காவின் கிளோஸ்டர் துறைமுகம் வரை கொண்டு சென்றபோது, தாமானை இழுக்கக் கப்பிகளும் பல சோடிக் கைகளும் இருந்தன. உங்கள் படகில் இருப்பவை நான்கு கைகள்; அவற்றில் ஒன்று எப்போதும் சுக்கானில்.

இனிப் பொருத்தும் வேலைக்கு வருவோம். வின்ச்சைத் தேர்ந்தெடுப்பதைவிட இதில்தான் பலர் தவறுகிறார்கள். தாமான், ட்ரம்மைக் கீழிருந்து மேல்நோக்கி 5 முதல் 8 பாகை வரையிலான கோணத்தில் வந்து தொட வேண்டும். மட்டமாகவோ மேலிருந்து கீழாகவோ வந்தால், புதிய சுற்று பழைய சுற்றின் மேல் ஏறிப் பூட்டிக்கொள்ளும். பாரத்தோடு பூட்டிக்கொண்ட தாமானை விடுவிப்பது காற்று கூடிய நேரத்தில் ஆபத்தான வேலை. புதிய வின்ச் பழையதைவிட உயரமாகவோ தாழ்வாகவோ இருக்கக்கூடும் என்பதால், துளையிடுவதற்கு முன் அதை இரட்டைப்பக்க ஒட்டுநாடாவால் இருத்தி, தாமானைக் கப்பியிலிருந்து கொண்டுவந்து கோணத்தைப் பாருங்கள். தேவைப்பட்டால் அடியில் ஆப்பு வடிவத் தேக்குப் பலகையோ வார்ப்புத் தகடோ வைக்கலாம். கைப்பிடி சுழலும் வட்டம், கயிற்றைத் தாடைக்குள் ஊட்டும் சிறு கரம் நிற்கும் திசை, வால் விழும் இடம் ஆகியவற்றையும் அப்போதே தீர்மானியுங்கள். வால் காக்பிட்டுக்குள் விழ வேண்டும். படகுக்கு வெளியே விழக் கூடாது.

பழைய போல்ட் துளைகள் புதிய வின்ச்சுக்குப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஒரு போல்டைக் கழற்றி, துளையின் உட்சுவரைக் கம்பியால் சுரண்டிப் பாருங்கள். கண்ணாடியிழையின் இரு தோல்களுக்கு நடுவே பால்சா மரம் வைத்துத் தளம் கட்டும் முறையில் சி அண்ட் சி வடிவமைப்பாளர்கள் முன்னோடிகள். அவர்கள் வரைந்து 1966-இல் கட்டப்பட்ட ரெட் ஜாக்கெட் என்னும் பந்தயப்படகு உடலிலும் பால்சா கொண்டது, 1968-இல் புளோரிடாவின் தென்கடல் பந்தயத் தொடரை வென்ற முதற்கனேடியப் படகும் அதுவே. எடை குறைவு, விறைப்பு அதிகம்; ஆனால் போல்ட் துளை வழியாக நீர் புகுந்தால் பால்சா ஊறும், ரொறன்ரோவின் சனவரியில் அந்த நீர் உறைந்து விரிந்து மேல்தோலைப் பிரிக்கும். சுரண்டும்போது ஈரமான, பழுப்பான தூள் வந்தால் வின்ச் வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை முதலில் தளத்துக்குச் செலவிடுங்கள். தூள் உலர்ந்து வெண்மையாக வந்தாலும், புதிய துளைகளைப் பெரிதாக இட்டு, சுற்றியுள்ள பால்சாவைச் சுரண்டியெடுத்து, எப்பொக்சி என்னும் இறுகும் பிசினைக் கெட்டியாக்கி அதனால் நிரப்பி, அது இறுகிய பின் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இவ்வாறு செய்தால் போல்ட் எப்பொக்சியைத்தான் தொடும்; பால்சாவை ஒருபோதும் தொடாது. பழைய துளைகளையும் அதே முறையில் அடையுங்கள்.

அடியில் 316 ரகத் துருப்பிடிக்காத எஃகு போல்ட்களும், வின்ச் அடியைவிடச் சற்றுப் பெரிய தாங்குதகடும் தேவை. வெறும் வாஷர்கள் 210 கிலோ பக்கவாட்டுப் பாரத்தைப் பல ஆண்டுகள் தாங்கா. நீர்க்கசிவு தடுக்க பியூட்டைல் நாடா நல்லது. நிரந்தரமாக ஒட்டிக்கொள்ளும் பாலியூரித்தேன் பசையைத் தவிர்க்கவும். என்றாவது வின்ச்சைக் கழற்ற வேண்டியிருக்கும், அன்று தளத்தின் தோலோடு சேர்ந்து வரும். வின்ச்சின் அடிப்பகுதியில் நீர் வடியச் சிறு துளைகள் இருக்கும். ஆர்வத்தில் அவற்றையும் அடைத்துவிடுபவர்கள் உண்டு. அடைத்தால் வின்ச் உள்ளேயே நீர் தேங்கும்.

இறுதியாக, எந்த வின்ச்சும் வாங்காமலேயே நாளை செய்யக்கூடியது ஒன்று. படகைக் காற்றின் குறுக்கே திருப்பும்போது சுக்கானை மெதுவாகத் திருப்புங்கள். பாய் மறுபுறம் வந்து, இன்னும் காற்றை முழுதாகப் பிடிக்காத அந்தச் சில நொடிகளில் தாமானை வெறுங்கையாலேயே பெரும்பகுதி இழுத்துவிடலாம். அந்த நேரம் தவறிவிட்டால், படகின் மூக்கைச் சற்றே காற்றை நோக்கிக் கொண்டுவந்து பாயைத் தளர்த்தி, கடைசி அரை மீட்டரை இழுத்த பின் மீண்டும் வழிக்குத் திரும்புங்கள். உங்கள் மனைவி வின்ச்சில் படும் பாட்டில் பாதி, சுக்கானில் இருப்பவரின் அவசரத்தால் வருவது. அந்த இடத்தில் இருப்பவர் நீங்கள்தான் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது.

கேள்வி: என் படகின் இடப்புற வின்ச், சுற்றும்போது முன்போல் டிக் டிக் என்று ஒலிப்பதில்லை. சில நேரம் ட்ரம் சற்றே பின்வாங்குகிறது. மாற்றிவிடும் காலம் வந்துவிட்டதா? (கிங்ஸ்டன் வாசகர்)

பதில்: மாற்றும் காலம் வரவில்லை, பயன்படுத்தக் கூடாத காலம் வந்துவிட்டது. அந்த ஒலி, ட்ரம் பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் சிறு நாக்குகள் பற்களில் விழும் ஒலி. பழைய கிரீஸ் இறுகி நாக்குகள் வெளியே வராமல் ஒட்டிக்கொண்டிருக்கும், அல்லது அவற்றைத் தள்ளும் மெல்லிய சுருள்கம்பிகள் உடைந்திருக்கும். பாரம் ஏறியிருக்கும்போது எல்லா நாக்குகளும் நழுவினால், கைப்பிடி அசுர வேகத்தில் பின்னோக்கிச் சுழன்று மணிக்கட்டையே முறித்துவிடும்.

சரிசெய்வது ஒரு பிற்பகல் வேலை. ஓர் அட்டைப்பெட்டியின் அடியில் ட்ரம் அளவுக்கு ஓட்டையிட்டு, வின்ச்சைச் சுற்றி அதைக் கவிழ்க்காமல் பொருத்துங்கள். ட்ரம்மைத் தூக்கும்போது அதனோடு ஒட்டிவரும் உருளைகளும் நாக்குகளும் ஏரிக்குள் போகாமல் பெட்டிக்குள் விழும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முறையிலேயே படம் எடுங்கள். மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தபின், பற்சக்கரங்களிலும் உருளைகளிலும் வின்ச் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். நாக்குகளுக்கும் சுருள்கம்பிகளுக்கும் மெல்லிய எண்ணெய் ஒரு துளி மட்டும். அங்கே கிரீஸ் தடவியதுதான் இந்த நோய்க்கே காரணம். சுருள்கம்பிகள் நல்லனவாகத் தோன்றினாலும் எல்லாவற்றையும் புதியதாக மாற்றிவிடுங்கள், அவற்றின் விலை அவ்வளவு குறைவு. பேரியன்ட், பார்லோ போன்ற பெயர்களில் இன்று புதிய வின்ச்கள் வருவதில்லை. ஆயினும் அவற்றுக்கான நாக்குகளும் சுருள்கம்பிகளும் இன்னும் விற்பனைக்குக் கிடைக்கின்றன.

கேள்வி: பழைய வின்ச்சின் மேல் மாட்டும் ரப்பர் வளையம், அதைக் கயிறு தானே பிடிக்கும் வின்ச்சாக மாற்றிவிடும் என்கிறார்களே, உண்மையா? (மிசிசாகா வாசகர்)

பதில்: ஓரளவு உண்மை. கயிறு ட்ரம்மில் ஏறும்போது வளையத்தை மேலே தள்ளும். வளையத்துக்கும் கடைசிச் சுற்றுக்கும் இடையே வால் நெரிந்து பிடிபடும். ட்ரம் நிறையும் அளவுக்குச் சுற்றுகள் இருந்தால்தான் அது வேலை செய்யும். கயிறு மெலிதாக இருந்தால் நழுவும். தாமானைச் சிறிது நேரம் விட்டுவிட்டுத் தேநீர் குடிக்க உதவும். இழுத்துக்கொண்டே சுற்றும்போது உண்மையான தாடையின் பிடிப்பை அதனிடம் எதிர்பார்க்க முடியாது.

கேள்வி: புதிய சோடி வின்ச்சின் விலை என் படகின் விலையில் கால் பங்கு வருகிறது. பழைய சாமான் கடையில் ஒரு சோடி பார்த்தேன். வாங்கலாமா? (ஹமில்டன் வாசகர்)

பதில்: வாங்கலாம், என் சொந்தப் படகில் இருப்பவையும் அத்தகையவையே. ஆனால் கடையில் நின்றபடியே சிலவற்றைச் சோதியுங்கள். காதை அருகில் வைத்து ட்ரம்மை மெல்லச் சுழற்றினால், நாக்குகளின் ஒலி சீராகக் கேட்க வேண்டும். ட்ரம்மின் உச்சியைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் மிகக் குறைவாகவே இருக்க வேண்டும். அதிகம் ஆடினால் உருளைகளோ நடுத்தண்டோ தேய்ந்துவிட்டன. வெண்கலத்தின் மேல் பூசிய குரோமியம் உரிந்திருந்தால் அதன் விளிம்பு அரம் போல் தாமானைத் தின்னும். உப்புக்கடலில் இருந்த அலுமினிய ட்ரம்மில் வெள்ளைத் தூளும் கொப்புளங்களும் தெரிந்தால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். அமெரிக்காவின் ஹார்க்கன், இங்கிலாந்தின் லூமார், டென்மார்க்கின் அண்டர்சன் ஆகியவற்றுக்குப் பாகங்கள் தட்டுப்பாடின்றிக் கிடைப்பதால் பழையதாயினும் அஞ்சத் தேவையில்லை. அண்டர்சன் ட்ரம்மின் எஃகுப்பரப்பில் சொரசொரப்புக்குப் பதிலாகச் செங்குத்தான வரிகள் இருக்கும். தாமானை அதிகம் தேய்க்காத அந்த அமைப்பு எனக்குப் பிடித்தமானது. செல்ஃப் டெய்லிங் வகை என்றால் உங்கள் தாமானிலிருந்து ஒரு துண்டைக் கையோடு கொண்டுபோய்த் தாடையில் வைத்து இழுத்துப் பாருங்கள். தாடை 8 முதல் 12 மில்லிமீட்டர் வரை கவ்வும் என்று எழுதியிருந்தாலும், தேய்ந்த தாடை 8 மில்லிமீட்டரைப் பிடிக்காது.

கழற்றிய உங்கள் பழைய சோடியை விற்றுவிடாதீர்கள். நல்ல நிலையில் இருந்தால் அவற்றுள் ஒன்று படகறையின் கூரைமேல் ஆஞ்சானுக்குப் போதுமானது.

கேள்வி: தோளில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன் நான். 28 அடிப் படகுக்கு மின் வின்ச் பொருத்தலாமா? அல்லது கையடக்கத் துளைக்கருவியில் முனை மாட்டி வின்ச்சைச் சுழற்றலாமா? (பிக்கரிங் வாசகர்)

பதில்: மின் வின்ச் சிறிய படகில் பணத்தைவிட மின்சாரத்தால்தான் தடுமாறும். 700 வாட் மோட்டார் 12 வோல்ட்டில் கிட்டத்தட்ட 60 ஆம்பியர் இழுக்கும். அதற்கேற்ற தடித்த கம்பியும், ஃபியூஸும், எந்திரத்தைத் தொடக்கும் மின்கலத்திலிருந்து பிரிந்த தனி மின்கலமும் வேண்டும். காக்பிட் கோமிங்கின் அடியில் மோட்டார் தொங்க இடமும் வேண்டும்.

துளைக்கருவி ஏற்கத்தக்க வழி. ஆனால் செங்கோணத் தலை கொண்ட, விசை நிறைந்த வகையாக இருக்க வேண்டும். சாதாரணத் துப்பாக்கி வடிவக் கருவி, வின்ச் திடீரென்று இறுகும்போது வின்ச்சுக்குப் பதிலாக உங்கள் கையை முறுக்கும். அறுவைச் சிகிச்சை செய்த தோளுக்கு அதைவிடக் கேடு வேறில்லை. பாயை ஏற்ற ஆஞ்சானில் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். தாமானின் கடைசிப் பகுதியை மட்டும், இரு வேக வின்ச்சின் மெதுவான கியரில், கையாலேயே முடியுங்கள். மெதுவான கியருக்குக் கருவியைப் பின்திசையில் ஓடவிட வேண்டியிருக்கும்; வாங்குமுன் முனையும் அதன் பிடிப்பும் இரு திசையிலும் தாங்குமா என்று கடைக்காரரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.